எழுதி வைக்கக் கூடாத பெயர்

பதுளை பஸ் நிலையத்துக்குக் கீழே, போட்டோப் பிரதி எடுக்கும் கடையொன்றின் மூலையில் ஒரு பழைய ஃபேக்ஸ் இயந்திரம் இன்னும் உயிரோடு இருக்கிறது. போன மழைக்காலத்தில் அடையாள அட்டையைப் பிரதியெடுக்கப் போய் நின்றபோது அது வாய் திறந்தது. முதலில் எண்கள் விழும் சத்தம். பிறகு நீளமாக ஓர் ஊளை. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதிலாக இன்னோர் ஊளை. இரண்டும் ஒன்றையொன்று முகர்ந்து பார்த்து, கட்டிப் புரண்டு, தகரத்தில் ஆலங்கட்டி கொட்டுவதுபோலக் கரகரத்து, சட்டென்று அடங்கின.

அந்த அமைதிக்குள் நான் காதைக் கொடுத்து நின்றுவிட்டேன். அதற்கப்புறம் ஒரு பெயர் கேட்க வேண்டும். வாசலுக்கு வெளியிலிருந்து ஒரு முதிய குரல் ஒரு பெண்பிள்ளையின் பெயரைக் கூப்பிட வேண்டும். கடைக்காரப் பெண் பிரதியை நீட்டியபடி வேறு ஏதும் எடுக்க இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். மழைக்குள் இறங்கி நடந்தேன். நனைகிறேன் என்பது பாலம் தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஆபீஸில் நான் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்தது தொண்ணூறுகளின் கடைசியில். பஸ் பாதி மலையில் களைத்து நின்றுவிடும். மிச்சத்தைக் கால்கள்தான் ஏற வேண்டும். ஆபீஸில் ஒரே ஒரு தொலைபேசி. காற்றடித்தால் செத்துப்போகும், வெயில் வந்தால் பிழைத்துக்கொள்ளும். இரண்டாயிரம் பிறந்த புதிதில், அந்த ஒற்றைக் கம்பியை நம்பிக் கம்பனி ஒரு கம்பியூட்டரை அனுப்பியது. தேயிலை லொறி திரும்பி வரும்போது உரமூட்டைகளுக்கு நடுவே மெத்தை விரித்துக் கொண்டுவந்தார்கள். முன்பு சம்பளம் போட்ட, கம்பி வலை அடித்த அறைக்குள் அதை வைத்தோம். வலைக்கு வெளியே நின்று பார்த்தால் ஏதோ குற்றத்துக்காக அடைத்துப்போட்ட பிராணி மாதிரி இருக்கும். பச்சைக் கண் மட்டும் சிமிட்டும். தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கி அதன் முதுகில் குத்தினால் ஊளையிட்டுக் கொழும்புத் தலைமை ஆபீஸைக் கூப்பிடும்.

கூடவே சட்டங்களும் வந்தன. ஆங்கிலத்தில் சில தாள்கள். பெரிய கிளாக்கர் அவற்றைத் தமிழாக்கித் தட்டச்சடித்து ஆபீஸ் சுவரில் குத்தினார். பணியாளர் எவரும் பத்திரிகைக்கோ வானொலிக்கோ தொலைக்காட்சிக்கோ எதுவும் சொல்லக் கூடாது. யாராவது கேட்டால், கீழே பெயர் குறித்துள்ள தகவல் அலுவலரைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்ல வேண்டும். தோட்டத்தைப் படம்பிடித்து வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது. தோட்டத்து மின்னஞ்சலில் சொந்தக் கதை எழுதக் கூடாது. கடவுச்சொல்லை எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் அடியில் தகவல் அலுவலரின் பெயரும் பதவியும். அது அவரேதான்.

இப்போது நான் வேலை செய்யும் இடத்திலும் வருடத்துக்கொரு முறை இப்படி ஒரு சுற்றறிக்கை வருகிறது. முகநூலில் வேலையைப் பற்றி எழுதாதே, தெரியாத இணைப்பைத் தொடாதே, யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே. இளையவர்கள் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். நான் ஒவ்வொரு வரியையும் படிக்கிறேன். அந்த வரிகளுக்கு இடையில் யாரோ குடியிருக்கிறார்கள் என்ற பயம் எனக்குப் போகவில்லை.

பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். இளவயதில் மலையேறி வந்து, எங்கள் குளிருக்குள் தலை நரைத்தவர். சட்டம் என்றால் அவருக்கு அட்சரம். வரி பிசகக் கூடாது. வரியில் இல்லாததைக் கூட்டவும் கூடாது. கடவுச்சொல் விஷயத்தில் அவர் செய்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு பாதி வந்து, பாதியில் நின்றுவிடும்.

எழுதி வைக்கக் கூடாது என்றுதானே இருக்கிறது, சொல்லக் கூடாது என்று இல்லையே என்றார். எழுதாமல் காப்பாற்ற வேண்டுமானால் அதை ஒரு வாயில் வைக்க வேண்டும். எந்த வாய்? எங்கள் தபால்காரருடைய வாய். தினமும் தபாற்பையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கும் தபாற்கந்தோருக்கும் நடக்கிற வயதான மனிதர். தேநீரும் அவர்தான் ஊற்றுவார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் வாசலில் யாருக்கு யார் சொன்ன எந்தச் சேதியும் ஒரு சொல் குறையாமல் போய்ச் சேர்ந்துவிடும் அவரிடம் கொடுத்தால். பெரிய கிளாக்கர் ஒரு காலை அவரை அழைத்து, ஒரு பெண்பிள்ளையின் பெயரையும் அதன் பின்னால் இரண்டு இலக்கங்களையும் சொல்லிக் கொடுத்தார். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். ஊளை அடங்கும். திரையில் பெரிய கிளாக்கரின் பெயர் ஒரு பெட்டிக்குள் வந்து நிற்கும். அதற்குக் கீழே வெறுமையாய் இன்னொரு பெட்டி. வலைக்குள் உட்கார்ந்திருக்கும் நான், "அண்ணே, கேக்குது," என்பேன். தபால்காரர் வராந்தாவிலிருந்து அந்தப் பெயரைக் கூப்பிடுவார். சொல்வார் என்று எழுத மனம் வரவில்லை; கூப்பிடத்தான் செய்வார். காலைப் பெரட்டில் வேலை பிரிக்கும்போது கங்காணி ஆட்களைப் பெயர் சொல்லி அழைப்பதைக் கேட்டு வளர்ந்த தொண்டை அது.

"எல்லாத்துக்கும் பெரட்டுல கங்காணி கூப்புடுறாரு. இந்த மெசினுக்கு மட்டும் நாங்க கூப்புடணும். அதுவும் ஒரே ஆளு. அந்தப் புள்ளயும் ஒரு நாளும் லீவு போட்டதில்ல," என்பார் தபால்காரர். சிரிப்போம்.

ஒரு வாரத்தில் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஆபீஸ் முழுக்கவே மனப்பாடம். ஆனாலும் பெரிய கிளாக்கர் விடவில்லை. முறை முறைதான் என்பார். அவர் மட்டும் அதை ஒருநாளும் உச்சரித்ததில்லை. ஊளை தொடங்கியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஜன்னலண்டை போய், எங்களுக்கு முதுகைக் காட்டி, தேயிலைச் சரிவைப் பார்த்தபடி நிற்பார். பெயர் கேட்டு முடிந்ததும் திரும்பி வந்து உட்காருவார். திரை வெளிச்சம் கண்ணுக்கு ஆகவில்லை போலும் என்று நினைத்துக்கொள்வோம். யாருடைய பெயர் என்று ஒருமுறை கேட்டேன். எங்கட ஊர்ப் பக்கத்துப் பெயர் என்றார். அந்தப் பக்கத்து அம்மன் யாராவது இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கிளாக்கரம்மா, அவருடைய மனைவி, ஆபீஸுக்கு மேலே குவார்ட்டர்ஸில் இருந்தார். யுத்தம் பாதைகளை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்த நாட்களில், அவர் மட்டும் தனியாக வடக்கிலிருந்து கப்பலும் லொறியும் மாறி வந்து சேர்ந்தவர். அதற்கு முன் அவர்களுக்கு ஊரில் என்ன இருந்தது, யார் இருந்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பிள்ளைகள் இல்லை என்றுதான் தோட்டம் முடிவு செய்திருந்தது.

மேட்டு லயம் என்று ஒரு லயம். அதன் பின்பக்க மண் அணையில் வெடிப்பு ஓடி, குசினிச் சுவர்களிலும் ஏறியிருந்தது. ஒருநாள் பெரிய கிளாக்கர் தானே ஏறிப் போனார். மாப்பசை காய்ச்சச் சொல்லி, மெல்லிய கார்பன் பிரதித் தாளைக் கீற்றாகக் கிழித்து, வெடிப்புக்குக் குறுக்கே ஒட்டி, ஓரத்தில் தன் கையெழுத்தைச் சின்னதாகப் போட்டார். சுவர் நகர்ந்தால் தாள் கிழியும், கிழிந்த அன்றைக்கே என்னிடம் வந்து சொல்லுங்கள், உங்களை இங்கே இருக்க விடமாட்டேன் என்று அந்த மக்களிடம் சொல்லிவிட்டு இறங்கினார். அதற்குப் பிறகு அந்தத் தாளை அவர்கள் சாமி படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். விறகுப் புகை படாமல் அடுப்பைத் தள்ளி வைத்தார்கள். பிள்ளைகள் கிட்டப் போனால் அடி விழும்.

அடுத்த மாசியில், பனி முற்றிய ஒரு விடிகாலையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே நாங்கள் இழந்தோம். வடக்கிலிருந்து யாரும் வந்துசேரவில்லை. தோட்டத்துச் சுடலையில் தபால்காரர்தான் கொள்ளி வைத்தார்.

காரியம் முடிந்து ஆபீஸ் திறந்த காலை. கம்பியைக் குத்தினேன். ஊளை எழுந்து அடங்கியது. பெட்டிக்குள் அவர் பெயர் வந்து நின்றது, ஒன்றும் நடக்காததுபோல. நான் வாயைத் திறக்கவில்லை. வெளியே தபால்காரரும் திறக்கவில்லை. ஜன்னலண்டை யாரும் இல்லை. பெட்டி சிமிட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் தபால்காரர்தான் கூப்பிட்டார், வழக்கத்தைவிட மெல்ல, நோயாளி இருக்கும் வீட்டில் பேசுவதுபோல.

பெயரை மாற்றித் தரும்படி கொழும்பைக் கேட்டோம். கணக்கு யாருடையதோ அவரே தன் மின்னஞ்சலிலிருந்து எழுதிக் கேட்டால்தான் மாற்ற முடியும், பாதுகாப்புச் சட்டம் அப்படி என்றார்கள். வேறு வழியில்லாமல், காலமான பெரிய கிளாக்கரின் பெயரிலிருந்து, பெரிய கிளாக்கர் காலமானார் என்று எழுதி அனுப்பினேன். 'அன்புள்ள ஐயா, தங்கள் செய்தி கிடைத்தது, விரைவில் கவனிக்கிறோம்' என்று அவருக்கே பதில் வந்தது. அப்புறம் யாரும் கவனிக்கவில்லை.

இப்படித்தான் நாங்கள் ஒரு செத்த மனிதரின் வாயால் மாதக்கணக்காகப் பேசினோம். மழை அளவு, கொழுந்து எடை, உரம், லொறிக்கு டயர், எல்லாம் அவர் பெயரில் போயிற்று. அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து வந்தது. தாமதமில்லாமல் பதில் தருகிறீர்கள் என்று பாராட்டு வந்தது. அதை வாசித்த அன்று தபால்காரர் ஊற்றிக்கொண்டிருந்த தேநீரை நிறுத்தி, "ஐயாவுக்கும் ஒரு கோப்ப வைக்கவா?" என்றார். பகிடிதான். ஆனால் ஜன்னலோரத்தில் ஒரு கோப்பை வைக்கத்தான் செய்தார். பிறகு தினமும் வைத்தார். ஆறிப்போன தேநீரை மாலையில் ரோஜாச் செடிக்கு ஊற்றுவார்.

ஐப்பசி மழை வந்தது. எங்கள் பக்கத்து மழை மேலிருந்து பெய்வதில்லை. மலைக்குள்ளிருந்து ஊறி வெளியே வருவது மாதிரி இருக்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மேட்டு லயத்திலிருந்து ஆண்களும் பெண்களுமாக இறங்கி வந்தார்கள். முன்னால் வந்த பெண் உள்ளங்கையை விரித்தாள். கிழிந்த தாள், கையெழுத்துக்கு நடுவால் கிழிந்திருந்தது.

ஐயாதான் கிழிஞ்சா வந்து சொல்லச் சொன்னார் என்றாள். யாரிடம் சொல்வதென்று தெரியாமல் காலியான நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள்.

தோட்டத்து மனேஜரான துரை விஷயத்தைக் கொழும்புக்கு எழுதினார். கொழும்பு யோசித்தது. அதற்குள் பதுளைப் பசாரில் கொப்பி, பென்சில் கடை வைத்துக்கொண்டு பகுதிநேரமாகப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பும் ஒரு முஸ்லிம் நானா தொலைபேசியில் கேட்டார். சுவரில் உள்ள வரியை நான் ஒப்பித்தேன். தகவல் அலுவலரின் பெயரையும் மின்னஞ்சலையும் வாங்கி அவர் எழுதிக் கேட்டார். அவருக்கு எங்கள் ஆபீஸில் யாரையும் தெரியாது. இருப்பவர் யார், இல்லாதவர் யார் என்றும் தெரியாது. பதிலைக் கொழும்பே தயாரித்து அனுப்பியது, தகவல் அலுவலரின் பெயரிலேயே போக வேண்டும் என்ற குறிப்போடு. துரைக்கு உதவியாகப் புதிதாக வந்திருந்த சின்னத்துரை ஒரு மத்தியானம் தானே வலைக்குள் உட்கார்ந்து அதை அனுப்பிவிட்டுப் போனார். அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? சட்டப்படிதான் நடந்தார்.

பத்திரிகையில் நாலைந்து வரி. லயத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை, சுவர்கள் முறையாகப் பரிசோதிக்கப்பட்டுள்ளன, மக்கள் வீணாகப் பீதியடைய வேண்டாம் என்று பெரிய கிளாக்கர் தெரிவித்தார். முழுப் பெயரோடு.

தபாற்பையில் வந்த பத்திரிகை குழாயடிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் வேண்டும்? மறுநாள் குழாயடியில் கிளாக்கரம்மா வாளியோடு நின்றபோது பேச்சு நிற்கவில்லை, கொஞ்சம் சத்தமாயிற்று. பிறகு அதைத் தபால்காரர் எனக்கு அப்படியே சொன்னார். ஒருத்தி சொன்னாளாம்: "உசுரோட இருக்க ஆபீஸ்காரவுங்க வாயே தொறக்க மாட்டாங்க. செத்தவரு மட்டும் நல்லாப் பேசுறாரு." இன்னொருத்தி, அந்தத் தாளைக் கையில் ஏந்தி வந்தவள், சிரிக்கக்கூட இல்லையாம். கிழிஞ்சா வெளியேத்துறேன்னு சொன்ன மனுசன், கிழிஞ்ச பொறகு இருங்கங்குறாரு என்று மட்டும் சொல்லிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாளாம்.

அன்று காலை பத்து மணியளவில் கிளாக்கரம்மா ஆபீஸுக்கு வந்தார். கணவர் இருந்த காலத்தில் ஒருமுறைகூட அந்தப் படியை மிதித்தவரில்லை. குடையை மடக்காமலே வாசலில் நின்றார். கையில் பத்திரிகை. உள்ளே வந்து அதை என் மேசையில் விரித்தார்.

"தம்பி, இவர் எங்க நிண்டு இதைச் சொன்னவர்? சுடலையில நிண்டோ?"

நான் எழுந்து நின்றேன். சொல்லத் தொடங்கினேன்: கணக்கு இன்னும் ஐயா பெயரில்தான், கொழும்பு மாற்றித் தரவில்லை, அவர்கள் எழுதியது, அனுப்பியது. பாதியிலேயே அவர் கையை உயர்த்தினார். அதெல்லாம் தேவையில்லை; இவர் இதைச் சொல்லவில்லை என்று அந்தப் பத்திரிகையிலேயே வர வேண்டும், இந்தப் பெயரை அந்தப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும் என்றார். அவருக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. செத்த பிறகு கணவர் பொய்யராகக் கூடாது.

நான் சுவரைப் பார்த்தேன். மறுப்பு எழுதவும் தகவல் அலுவலரால்தான் முடியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் மழையில் அறுந்திருந்த இணைப்புத் தானாகவே மறுபடி கொழும்பைக் கூப்பிட்டது. வலைக்குள் ஊளை எழுந்தது. கரகரத்தது. அடங்கியது. ஆபீஸில் தட்டச்சு வேலை பார்த்த, நாங்கள் தங்கை என்று கூப்பிடும் பெண் உள்ளே இருந்தாள். மழைச் சத்தத்தில் வெளியே நடப்பதை அவள் கவனிக்கவில்லை. பழக்கத்தில், "அண்ணே, கேக்குது," என்றாள்.

வராந்தாவில் முதுகைக் காட்டிக் கோப்பை கழுவிக்கொண்டிருந்த தபால்காரர், பழக்கத்தில், நல்ல சத்தமாக, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையை வாசலில் நின்று அழைப்பதுபோல, அந்தப் பெயரைக் கூப்பிட்டார்.

கிளாக்கரம்மா வாசலைத் திரும்பிப் பார்த்தார். யாரோ ஓடி வருவார்கள் என்று பார்த்த பார்வை அது. கூப்பிட்ட பெயருக்கு முகம் திரும்புமே, அப்படி. யாரும் வரவில்லை. மழைதான் வந்தது. பத்திரிகை மேல் ஊன்றியிருந்த கை நழுவி, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"ஆரைக் கூப்பிட்டனீங்கள்?"

தபால்காரர் ஈரக் கையோடு உள்ளே எட்டிப் பார்த்துத் திகைத்தார். "யாரையுமில்லீங்கம்மா. மெசினுக்குச் சொன்னேன்."

"ஆர் சொல்லச் சொன்னது?"

"ஐயாதாங்க. மெசினு வந்த நாள்லருந்து. நான் கூப்புடுவேன், ஐயா அந்த ஜன்னல்ல திரும்பி நின்னு கேட்டுக்கிட்டு இருப்பாருங்க."

கிளாக்கரம்மா ஜன்னலைப் பார்த்தார். அங்கே ஆறிக்கொண்டிருந்த தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தோம், குடித்தார். அழவில்லை. யாருக்கென்றில்லாமல் சொன்னார். பாதை மூடிக்கிடந்தபோது காய்ச்சலில் போன பிள்ளை. அந்தச் சேதி இங்கே அவருக்குக் கிடைத்தபோது எல்லாம் முடிந்து பல வாரங்கள். தான் இங்கே வந்து சேர்ந்த பிறகும் வீட்டுக்குள் அந்தப் பெயரை இரண்டு பேரும் எடுத்ததில்லை. ஒருவருக்காக ஒருவர் எடுக்காமல் விட்டது. பின்னால் உள்ள இலக்கங்கள் அவள் பிறந்த வருடம்.

"வீட்டில நான் நோகாமல் இருக்க இவர் சொல்லேல்லை. இஞ்ச வந்து கேட்டிருக்கிறார்," என்றார்.

 தபால்காரர் ஈரக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். எத்தனை காலைகள் சிரித்துக்கொண்டே அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறோம். அந்தப் புள்ள ஒரு நாளும் லீவு போட்டதில்ல என்ற அவருடைய பகிடி எங்கள் நடுவில் வந்து நின்றது.

கிளாக்கரம்மா எழுந்து சுவரண்டை போனார். கணவர் தட்டச்சடித்த சட்டத்தை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். முதல் வரியில் விரலை வைத்தார்.

"பணியாளர் எவரும் எண்டு கிடக்கு. தம்பி, நான் இஞ்ச வேலை செய்யிறனோ?"

"இல்லீங்கம்மா."

"அப்ப எனக்கு இந்தச் சட்டம் இல்லை."

குவார்ட்டர்ஸ் கம்பனியுடையது, அவரை அங்கே விட்டுவைத்திருந்ததும் கம்பனியின் தயவு. அது அவருக்குத் தெரியும். தெரியும் என்பதை அவர் குடையை விரித்த விதத்தில் கண்டேன். மறுநாள் காலை பஸ்ஸில் பதுளைக்கு இறங்கினார். கொப்பிக் கடை நானா அந்தக் காட்சியைப் பிறகு பலமுறை எனக்குச் சொன்னார். கடையில் பிள்ளைகள் கூட்டம். கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றுவிட்டு, கணவரின் மரண அத்தாட்சிப் பத்திரத்தைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்து, நீங்கள் பேட்டி கண்டவர் இவர்தான் என்றாராம். "மவுத்தான மனிசரோட பேசினவன்டு பசாரே என்னைப் பார்த்துச் சிரிச்சிச்சு தம்பி. அந்தம்மா மட்டும் சிரிக்கல்ல," என்பார் நானா.

மறுப்பு வந்தது. கூடவே தாள் ஒட்டிய கதையும், அது கிழிந்த கதையும். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து ஆட்கள் ஏறி வந்து பார்த்து, மேட்டு லயத்தின் கடைசிக் காம்பரா வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். சனங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்தார்கள். கார்த்திகை முடிவதற்குள் அணை உட்கார்ந்தது. குசினிகள் மண்ணுக்குள் போயின. அடுப்புகள் மட்டும்தான் போயின. குழாயடியில் செத்தவரைக் கேலி பேசிய பெண், ஒரு மாலை, முந்தானைக்குள் முள்ளங்கிக் கட்டொன்றை மறைத்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் படியேறினாள். இருவரும் என்ன பேசினார்களோ, தெரியாது. வெகுநேரம் விளக்கு எரிந்தது.

கொழும்பு விழித்துக்கொண்டது. பழைய கணக்கை ஒரே நாளில் அழித்தார்கள். அதுவரை எழுதியவை, வந்தவை, வாழ்த்துகள், பாராட்டுகள் எல்லாம் போயின. என் பெயரில் புதிய கணக்கு. புதிய சட்டத் தாளும் வந்தது: கடவுச்சொல்லை எழுதி வைக்கவும் கூடாது, வாய்விட்டுச் சொல்லவும் கூடாது, எவரிடமும் வெளியிடவும் கூடாது. வெறுமையான பெட்டி என்னைப் பார்த்துச் சிமிட்டியது. புதிதாக ஏதாவது யோசிக்கத்தான் பார்த்தேன். விரல்கள் தமக்குத் தெரிந்த எழுத்துகளுக்கே போயின. இலக்கங்களை மட்டும் மாற்றினேன்.

அதன் பிறகு காலையில் ஊளை அடங்கினால் அமைதிதான். தபால்காரர் கூப்பிடக் கூடாது. ஆனாலும் அந்த நேரத்துக்குச் சரியாக வாசலண்டை வந்து நிற்பார். வாய் லேசாகத் திறக்கும். நான் தட்டி முடிப்பேன். அவர் போய்விடுவார். யாரோ வந்து, எங்கள் நடுவால் நடந்து, ஜன்னலண்டை போய் நிற்பதுபோல இருக்கும். கோப்பையை அவர் தொடர்ந்து வைத்தார்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்படி கிளாக்கரம்மாவுக்குச் சொல்லப்பட்டது, மரியாதையான வார்த்தைகளில். வடக்குப் பாதை அப்போது திறந்திருந்தது. பிள்ளையைப் புதைத்த ஊருக்கே போகிறேன் என்றார். ஒரு தை மாதக் காலையில் நானும் தபால்காரரும் பதுளை ஸ்டேஷனுக்குப் பெட்டியைச் சுமந்து போனோம். மேடையில் பனி இன்னும் எழுந்திருக்கவில்லை. தண்டவாளம் அதற்கு அப்பால் போகாத ஊர் எங்களுடையது. போகிற ரயில்கள் எல்லாம் இங்கேயிருந்துதான் புறப்பட வேண்டும்.

ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார். தபால்காரர் ஒரு போத்தல் தேநீரைத் துணியில் சுற்றி உள்ளே நீட்டினார். பிறகு தூணோரம் ஒதுங்கி நின்றார். கிளாக்கரம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, இப்ப அந்த மெசினுக்கு என்ன சொல்லுறனீங்கள்?"

ரயில் ஒருமுறை குலுங்கி நின்றது. தூணோரத்தில் தபால்காரரின் தலை நிமிர்ந்தது. எனக்குத் தொண்டையில் இருந்தது அந்தப் பெயர்தான்.

"அத யாருக்கும் வெளிய சொல்லக் கூடாதுங்கம்மா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கண்ணில் ஆரம்பித்து, வாய்வரை இறங்கி, மறுபடி கண்ணுக்கே போனார். ரயில் நகரத் தொடங்கிவிட்டது. ஜன்னல் கம்பியிலிருந்த என் விரல்களின் மேல் கையை வைத்து, எடுத்தார்.

"சொல்லாதேங்கோ," என்றார். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."